நாலெழுத்து ஆட்டம்

மில்லர்புரம், தூத்துக்குடி
9 மார்ச் 1975

தேவபிரசாதத்துக்கு,

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன், வீட்டில் ஒரு பூனை வளர்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறேன். இவ்வளவுதான் என் சேதி.

எழுதுவது வேறு விஷயத்துக்காக. டபிள்யூ, எச், ஐ, எல். இந்த நான்கு எழுத்தும் இதே வரிசையில், நடுவில் வேறு எழுத்து நுழையாமல் வர வேண்டும். சொல்லின் தலையில், நடுவில், வாலில் எங்கே வந்தாலும் சரி. பத்திரிகையில் தினமும் பார்க்கிற சொல் செல்லாது. இப்போது யாரும் பேசாத பழைய இங்கிலீஷ் சொல்லாக இருக்க வேண்டும். என் முதல் சொல் 'வைலம்'. முன்னொரு காலத்தில் என்று அர்த்தம்.

ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. நாசரேத்தில் நம் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் பூசணிக்காய் மாதிரி ஆகி, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று அம்மா நம்மை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த அறையில் இருந்த ஒரே புத்தகம் அப்பாவின் இங்கிலீஷ் அகராதி. ஒருவர் எழுத்துக்களைச் சொல்வது, இருவரும் மாற்றி மாற்றிச் சொல் தேடுவது, சொல் தீர்ந்துபோனவர் தோற்றவர். ஜெயித்தவர் கேட்கிற ஒரு காரியத்தைத் தோற்றவர் மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும். நீ பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று டிரங்குப் பெட்டியும் கையுமாக நின்றபோது ஒரு ஆட்டம் ஆடி உன்னைத் தோற்கடித்துக் காலேஜுக்கு அனுப்பினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாயே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசி ஆட்டம் க்யூ, யூ, ஓ. அதில் நீ ஜெயித்தாய். நீ கேட்டதை நான் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், நீ ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இந்தத் தடவை தோற்றால் செய்வேன். ஜெயித்தால் எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அது என்ன என்பதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது சட்டம்.

இஷ்டமில்லை என்றால் பதில் எழுத வேண்டாம்.

ஜீவமணி

*

பம்பாய்
2 ஏப்ரல் 1975

அக்காவுக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இது இரண்டாவது தாள்.

நீ ஞாபகப்படுத்த வேண்டாம் என்கிறாய். நான் படுத்துவேன். க்யூ, யூ, ஓவில் ஜெயித்துவிட்டு நான் உன்னிடம் தங்கத்தையா கேட்டேன்? என் கலியாணத்துக்கு வா, என் பக்கத்தில் நில் என்று கேட்டேன். நீ வரவில்லை. பெண் ஆர்.சி., பரதவர் வீட்டுப் பெண், நம் அப்பா வேதம் போதித்த வாத்தியார், அவர் மகன் மாதா கோயிலில் முழங்காலிடுவதா என்று நாசரேத் முழுக்கப் பேசினாய். சரி, பேசு. ஆனால் கலியாணத்தன்று இசபெல்லாவின் ஊரான வேம்பார் கோயிலில் சாமியார் திரும்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரு என்று கேட்டாரே, அப்போது என் பின்னால் யார் இருந்தது தெரியுமா? ஆபீஸ் நண்பன் நல்லக்கண்ணு. இந்துப் பையன். எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் எல்லாரும் உட்கார்ந்த பிறகும் பனைமரம் மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவனைத்தான் மாப்பிள்ளை வீட்டார் என்று காட்டினேன். இசபெல்லாவின் அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று நாள் எனக்கு அதிகமாக மீன் வைத்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது நீ எதற்கு ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஜெயித்துவிட்டு என் மகள் ரோஸை உங்கள் சபையில் சேர்க்கச் சொல்வாய். நடக்காது. நான்தான் ஜெயிப்பேன், ஜெயித்துவிட்டு நீ ஜென்மத்துக்கும் மறக்காத மாதிரி ஒன்று கேட்பேன்.

கடிதத்தை இசபெல்லாவிடம் காட்டினேன். பதில் போட மாட்டேன் என்றேன். "எழுதுங்க, ரெண்டு பேருக்கும் கை அரிக்கில்லா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

என் சொல் 'எர்வைல்'. சற்று முன்பு, முன்னாளில் என்று பொருள். அக்கா தம்பி என்று முன்னாளில் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்குப் பொருந்தும்.

தேவபிரசாதம்

*

மில்லர்புரம்
27 ஏப்ரல் 1975

தேவபிரசாதத்துக்கு,

'அதர்வைல்ஸ்'. வேறு சில சமயங்களில், எப்போதாவது.

அதைத் தேடிக் கண்டுபிடித்ததும் எனக்கு ஏரல் சந்தை ஞாபகம் வந்தது. அப்பாவோடு மாட்டுவண்டியில் போகும்போதுகூட அகராதியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்க, நீ 'எம்' எழுத்தின் மேல் வாந்தி எடுத்தாய். அப்பா அடிக்கக் கையை ஓங்கிவிட்டு, உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு ஆற்றில் இறங்கி அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். தாமிரபரணியில் இங்கிலீஷைக் கழுவினது நம் குடும்பம் ஒன்றுதான் என்று அம்மா செத்துப்போகும் வரை சொல்லிச் சிரித்தாள். அகராதி உன்னிடம்தான் இருக்கிறது. 'எம்' பக்கங்கள் இன்னும் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்து எழுது.

ரோஸைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. நான் குழந்தையைப் பார்த்ததுகூட இல்லை, அதைப் பிடுங்கவா வருவேன்? எனக்கு வேண்டியது அது இல்லை.

இங்கே புதுத் துறைமுகம் வந்த பிறகு மில்லர்புரத்தில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. எதிர் வீட்டுக்கு எபனேசர் என்று ஒருவர் வந்திருக்கிறார். சாத்தான்குளத்துக்காரர், துறைமுகத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்பது என்று சொல்லுகிற உத்தியோகம். மனைவி இறந்து எட்டு வருஷம், பிள்ளை இல்லை. பாடகர் குழுவில் சேர்ந்து எல்லாருக்கும் அரை அடி பின்னால் பாடுகிறார். எங்கள் சபைப் போதகரான ஐயர் எத்தனையோ தடவை சொல்லியும் திருந்தவில்லை. ஆனால் தினமும் காலையில் என் பூனைக்கு மீன்தலை கொண்டுவந்து போடுகிறார்.

ஜீவமணி

*

பம்பாய்
8 ஜூன் 1975

அக்கா,

'எம்' பக்கங்கள் மஞ்சளாகத்தான் இருக்கின்றன. ரோஸிடம் காட்டி, இது அப்பா வாந்தி எடுத்த இடம் என்றேன். அவளுக்கு வீட்டில் உள்ள புத்தகங்களிலேயே இப்போது அதுதான் பிடித்தமானது. வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறாள். மேலே படமாக மாட்டியிருக்கிற மாதாவைக்கூட அடுத்தபடியாகத்தான் காட்டுகிறாள்.

என் சொல் 'விலிவா'. ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்வது. தேன் ஒழுகப் பேசி ஆளை மயக்குவது. நீ மாட்டுவண்டியையும் ஆற்றையும் எழுதி எனக்குச் செய்துகொண்டிருப்பது அதுதான். கொஞ்சம் பலித்துவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மழை ஆரம்பித்துவிட்டது, ஆபீஸிலிருந்து நனைந்துகொண்டு வரும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

இரண்டு கேள்வி. ஒன்று, அகராதி என்னிடம் இருக்கும்போது நீ எங்கிருந்து சொல் எடுக்கிறாய்? உன் பள்ளிக்கூட அகராதியில் 'அதர்வைல்ஸ்' இருக்காது. இரண்டு, பூனைக்கு மீன்தலை போடுகிற அந்த ஆள் பூனைக்காகத்தான் போடுகிறாரா?

இசபெல்லா இரண்டாவது கேள்வியை எழுத வேண்டாம் என்றாள். "மதினி வயசு என்ன, நீங்க கேக்கது என்ன" என்றாள். நான் எழுதிவிட்டேன்.

தேவபிரசாதம்

*

மில்லர்புரம்
20 ஜூலை 1975

தேவபிரசாதத்துக்கு,

என் சொல் 'வைலேர்'. கொஞ்ச நேரத்துக்கு முன்பு என்று பொருள்.

முதல் கேள்விக்குப் பதில். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிக் கடற்கரைப் பக்கம் மாதா கோயில் சாமியார்களின் பங்களாவுக்குப் போகிறேன். அங்கே பல பாகங்களாக ஒரு பெரிய அகராதி இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். ஆமாம், ஆர்.சி. வளாகத்துக்குள்தான். முதல் நாள் வாசலில் நின்று திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது வாரம் உள்ளே போனேன். நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

புத்தக அறையைத் திறந்து விடுகிற பவுல் என்பவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க வேம்பார் இசபெல்லா வீட்டுக்காரருக்கு அக்காவா? மூக்கு அச்சு அசல் அப்படியே இருக்கு" என்றார். இசபெல்லாவின் சொந்த அண்ணனாம். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு ஒரு டம்ளர் தேயிலை போட்டுக் கொண்டுவந்து வைக்கிறார், சீனி அதிகம். அகராதியில் நான் என்ன தேடுகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. போன வாரம் குடையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில். பூனைக்காக இல்லை.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. உன் படிப்பு முடியட்டும் என்று கொஞ்ச நாள், அம்மா படுக்கையில் கிடந்தபோது கொஞ்ச நாள், பிறகு தனியாக இருப்பதே பழகிவிட்டது. அவர் ஒருநாள் பூனையைத் தடவிக்கொண்டே, நேராக என்னிடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல நினைத்தேன், சரி என்று வந்துவிட்டது. ஜனவரியில் கலியாணம். எனக்கு நாசரேத்தில் வைத்துக்கொள்ள ஆசை. அவர், நாம் இருவரும் வாழப்போகிற சபையில்தான் செய்ய வேண்டும் என்கிறார். ஐயரும் அதையே சொல்கிறார். பெண்ணைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வருவது யார் என்று ஐயர் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் முறை. உன்னிடம் இன்னும் சொல் இருக்கிறதா?

ஜீவமணி

*

பம்பாய்
17 ஆகஸ்ட் 1975

ஜீவமணி டீச்சருக்கு,

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தந்தி வந்தது. இசபெல்லா பெயருக்கு, பவுல் மச்சானிடமிருந்து. 'மாப்பிள்ளை உடல்நலம் உடனே தந்தி மூலம் தெரிவி.' மாப்பிள்ளையான நான் ஒரு கையில் தோசையோடு நின்று அதைப் படித்தேன்.

நலம் என்று தந்தி அடித்தோம். பிறகு அவருடைய கடிதம் வந்தது. பிறகு சனிக்கிழமைகளில் நீ வரவில்லையாம், நீ மறந்து வைத்த குடையைக் கொடுக்கலாமென்று மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மில்லர்புரம் கோயில் வாசலுக்கு வந்திருக்கிறார். அங்கே ஞானபாக்கியம் என்று ஓர் அம்மாள், நீங்க யாரு என்று கேட்டிருக்கிறார். ஜீவமணி டீச்சரின் தம்பி என் தங்கச்சி புருஷன் என்று இவர் சொல்ல, அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்: "அந்தப் பிள்ளைதான் பம்பாயில மரிச்சுப் போச்சே. நாலு வருஷமாச்சே. அப்போ ஒங்க தங்கச்சி தாலியறுத்துட்டு நிக்காளா?" சொல்லிவிட்டு இசபெல்லாவுக்காக அங்கேயே நின்று அழுதிருக்கிறார். பவுல் மச்சான் குடையை அந்த அம்மாள் கையில் திணித்துவிட்டு நேராகத் தந்தி ஆபீஸுக்கு ஓடியிருக்கிறார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இசபெல்லா சிரிக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

என்மேல் கோபம் என்றால் திட்டியிருக்கலாம். எனக்குத் தம்பியே இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் ஊரைக் கூட்டி என்னைச் சாகடித்துவிட்டு, நாலு வருஷம் அதை அப்படியே விட்டுவைத்து, ஒருநாள் உட்கார்ந்து 'வைலம்' என்று எழுதிப் போட உனக்கு எப்படிக் கை வந்தது? பொன்னுக்கு வீங்கி வந்து கிடந்தபோது நான் செத்துப்போவேனோ என்று பயந்து, நான் மூச்சு விடுகிறேனா என்று மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பாய். நான் தூங்குவது மாதிரி நடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நீ அழுவாய். அந்த அக்காவா இது?

என் சொல் 'அம்வைல்'. இதுவும் அந்த நாலெழுத்துத்தான். காலஞ்சென்ற, மறைந்த என்று பொருள், ஆட்களுக்குச் சொல்வது. இதை நான் ஏப்ரலிலேயே பார்த்து வைத்திருந்தேன். அக்காவுக்குச் சாவுச் சொல் எழுதக் கூடாது என்று வேறு சொல்லாகத் தேடி அலைந்தேன். நான் ஒரு மடையன்.

இதற்கு மேல் உன்னிடம் சொல் இருந்தால் எழுது. இல்லை என்றால் தோற்றேன் என்று எழுது.

காலஞ்சென்ற தேவபிரசாதம்

*

மில்லர்புரம்
14 செப்டம்பர் 1975

தேவபிரசாதத்துக்கு,

தோற்றேன்.

என்னிடம் ஒரு சொல் இருக்கிறது, சாமியார் பங்களாவில் முதல் நாளே பார்த்தது. அதை எழுதி ஆட்டத்தை நீட்ட எனக்கு மனசில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சாக்காக இல்லை. உன் கலியாணம் முடிந்து அடுத்த வருஷம் இந்த ஐயர் புதிதாக வந்தார். வீடு சந்திக்க வந்து, சொந்தக்காரர்கள் யார் யார் என்று கேட்டார். அன்றைக்குக் காலையில்தான் நாசரேத்திலிருந்து யாரோ வந்து, உனக்குப் பெண் பிறந்து ஆர்.சி. கோயிலில் ஞானஸ்நானம் ஆயிற்று என்று சொல்லிப் போயிருந்தார்கள். எனக்கு ஒரு சேதி இல்லை. அந்தக் கொதிப்பில், ஒரு தம்பி, பம்பாயில் செத்துப்போனான் என்றேன். ஐயர் உடனே முழங்காலிட்டு ஜெபித்தார். ஜெபத்தின் நடுவில் நான் எப்படி எழுந்து, இல்லை என்று சொல்வது? அவர் போய் ஒரு மணி நேரத்தில் ஞானபாக்கியம் அம்மாள் காப்பியும் சோறும் எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு பெண்கள் சங்கத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று மூன்று நாள் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். நான் சாப்பிட்டேன். அழுதேன். அந்த அழுகை மட்டும் பொய் இல்லை.

எபனேசருக்கும் நீ இறந்தவன்தான்.

கேட்பதைக் கேள். செய்வேன்.

ஜீவமணி

*

பம்பாய்
12 அக்டோபர் 1975

அக்கா,

இத்தனை நாள் என்ன கேட்பது என்று யோசித்தேன். வேம்பாருக்கு வந்து இசபெல்லாவின் அம்மா முன்னால் நின்று மன்னிப்புக் கேள் என்று கேட்கலாம் என்று முதலில் இருந்தது. இசபெல்லா, "எங்க அம்மைக்கு அதெல்லாம் வேண்டாம், அவங்க வந்தா மீன்தான் வைப்பாங்க" என்றாள். இனிமேல் எனக்குக் கடிதமே எழுதாதே என்று கேட்கலாம் என்றும் ஒருநாள் தோன்றியது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

இப்போது கேட்கிறேன். நீ என்னைச் சபையார் முன்னால் சாகடித்தாய். அதே சபையார் முன்னால், உன் வாயால், நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல். ஐயரிடம் ரகசியமாகச் சொல்லி அவர் பக்குவமாக அறிவிப்பது செல்லாது. ஞானபாக்கியம் அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதும் செல்லாது. ஆராதனையில் எல்லாரும் இருக்கும்போது சொல்ல வேண்டும். கலியாணத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

உனக்கு அங்கே என்ன மரியாதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எபனேசர் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாது. அவர் பின்வாங்கிவிட்டால் அதற்குக் காரணம் நான்தான் என்று ஆகும். அதை நினைத்துக்கொண்டே இந்தக் கடிதத்தை மேஜையில் ஒரு வாரம் போட்டு வைத்திருந்தேன். இசபெல்லா, விட்டுருங்க என்றுதான் சொல்கிறாள்.

விட முடியவில்லை அக்கா. எனக்கு உயிர் வேண்டும்.

தேவபிரசாதம்

*

மில்லர்புரம்
14 டிசம்பர் 1975

தேவபிரசாதத்துக்கு,

சொல்லிவிட்டேன். நவம்பர் கடைசி ஞாயிறு. அதற்கு முன்னால் இரண்டு ஞாயிறு சொல்லவேண்டும் என்று போய், பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே நின்று, சொல்லாமல் திரும்பி வந்தேன். எழுபது பிள்ளைகளை ஒரு முறைப்பில் அடக்குகிற எனக்கு இப்படி.

அன்றைக்கு எங்கள் கலியாண ஓலை முதல் தடவையாக வாசிக்கிறார்கள் என்பதை நான் மறந்தே போனேன். ஐயர் என் பெயரையும் எபனேசர் பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று யாராவது அறிந்தால் இப்போது சொல்லலாம் என்றார். எனக்கு, 'இப்போது சொல்லலாம்' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

தன் ஓலைக்குத் தானே தடை சொல்ல எழுந்த பெண்ணைத் திருநெல்வேலி அத்தியட்சாதீனத்தில் எந்தச் சபையும் இதுவரை பார்த்திருக்காது. கோயில் முழுக்கத் திரும்பியது. பாடகர் குழுவில் எபனேசரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தடை ஒண்ணும் இல்ல, ஐயரே," என்றேன். "ஒரு திருத்தம். எனக்குத் தம்பி செத்துப்போனான்னு ஒங்ககிட்ட சொன்னேன். அது பொய். பேரு தேவபிரசாதம். பம்பாயில உயிரோட இருக்கான். அவன் பெண்டாட்டி பேரு இசபெல்லா, மக பேரு ரோஸ்."

மூன்று பெயரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு ஐயர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். அன்றைக்கு எல்லாருமே அரை அடி பின்னால் பாடினார்கள்.

ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு நான் நடத்திவந்த ஓய்வுநாள் பள்ளியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகை வரைக்கும் திருவிருந்தில் சேர வேண்டாம் என்று ஐயர் சொன்னார். சரி என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பெண்கள் சங்கத்தில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. ஞானபாக்கியம் அம்மாள் வாசலில் காத்திருந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏளா, நீ அழுதது எப்படியோ, நான் அந்தப் பிள்ளைக்கு நெசமாட்டு அழுதேன். முகம் தெரியாத பிள்ளைக்கு நாலு வருசமா ஜெபம் பண்ணுதேன்" என்றாள். என் கையை விடும்போது, "ஜெபம் வீண்போகல போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எபனேசர் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பூனை அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து கத்தியது. எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருந்தால் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதை நீ நம்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தார். திண்டாடிக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வர மாட்டேன் என்றார். பிறகு சொன்னார்: "ஒங்களுக்கு யாரும் இல்லன்னு நெனச்சுத்தான் நேரா ஒங்ககிட்டயே கேட்டேன். தம்பி இருக்காருன்னா, அவர்கிட்டல்லா நான் பொண்ணு கேக்கணும்? மொறன்னு ஒண்ணு இருக்கு. விலாசம் குடுங்க."

விலாசம் எழுதிக் கொடுத்தேன். நாலைந்து நாளாக அதற்காக ஒரு கடிதம் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தாராம், அதனால்தான் வரவில்லையாம். பொய் சொன்னது பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். பாரமா இருந்துச்சா என்றார்.

இசபெல்லாவிடம் இதைப் படித்துக் காட்டு. இசபெல்லா, உன் கலியாணத்தில் நான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. உன் புருஷன் உயிரோடு இருக்கும்போது உன்னை இந்த ஊரில் விதவையாக்கினேன். உன் அண்ணன் எனக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் தேயிலை கொடுத்தார். என்னை மன்னித்துக்கொள்.

தம்பி, ஜெயித்தால் உன்னிடம் நான் என்ன கேட்டிருப்பேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். கேட்க எனக்கு உரிமை இல்லை, தோற்றவள் நான். அதனால் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கேட்கிறேன். கலியாணம் ஜனவரி இருபத்தெட்டு. என்னைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போக எனக்கு வேறு யாரும் வேண்டாம். வா.

அக்கா

*

பம்பாய்
29 டிசம்பர் 1975

அன்புள்ள அக்கா,

எபனேசர் அவர்களின் கடிதம் பண்டிகைக்கு முந்தின நாள் வந்தது. நாலு பக்கம். தன் உத்தியோகம், வயது, சர்க்கரை வியாதி இல்லை என்ற விவரம், முதல் மனைவியைப் பற்றி மரியாதையாக ஒரு பத்தி, கடைசியில் தங்கள் சகோதரியை எனக்குத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். எனக்கும் அவருக்கும் பத்து வயது வித்தியாசம் இருக்கும், என்னை ஐயா என்கிறார். உடனே பதில் போடவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருக்க வேண்டாமா? இரண்டு நாள் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இசபெல்லாதான், "நல்ல எடம், குடுக்கோம்னு எழுதிப் போடுங்க. அந்த மனுசன் சாப்பிடாம கெடப்பார்" என்றாள். சம்மதம் என்று எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை இசபெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் வாங்கி, மீதியைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள்.

மூன்று பேரும் வருகிறோம். ஆபீஸில் விடுப்புக் கேட்டேன். வருஷக் கடைசி, கணக்கு முடிக்கிற சமயம், மேலாளர் மூஞ்சியைச் சுளித்தார். அப்படி என்ன தலைபோகிற காரியம் என்றார். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணம், நான்தான் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் மகள் சின்னக் குழந்தை அல்லவா, எந்தப் பெண்ணுக்குக் கலியாணம் என்று கேட்டார்.

மூத்தவளுக்கு என்றேன்.

உன் தம்பி
தேவபிரசாதம்